குருசடியில் வாசித்த பிள்ளை

பள்ளிக்கூடத்துக்கு டேப்லெட் கொண்டு வந்த தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் நாடாவில் தொங்கும் அட்டை, முதுகில் பை, காலில் வெள்ளை ஷூ. துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் கிளப்பும் நிலக்கரித் தூசியில் அந்த வெள்ளை மத்தியானம் வரைகூடத் தாங்காது என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். இருபத்தாறு வருஷ சர்வீஸ். அந்தத் தம்பி 'அ' எழுதப் பழகுவதற்கு முன்பே சிவப்பு மைப் பேனா பிடித்தவள். அவன் வந்து எங்களைப் பிள்ளைகள் உட்காரும் குட்டி பெஞ்சில் உட்கார வைத்து, பிள்ளைகளின் வாசிப்பை எப்படி அளப்பது என்று எங்களுக்கே பாடம் எடுத்தான்.

"இது அடாப்டிவ், மேம். குழந்தைக்கு ஏத்த மாதிரி அதுவே மாறிக்கும். கரெக்டா படிச்சா மேல போகும், திணறினா கீழ இறங்கும். கடைசில குழந்தை எந்த நிலையில இருக்குன்னு அதுவே சொல்லிடும். நீங்க ஒண்ணுமே பண்ண வேண்டாம்."

அந்தக் கடைசி வாக்கியத்தை எங்களுக்குப் பரிசு கொடுப்பது மாதிரி சொன்னான். நாற்பது பிள்ளைகளுக்குத் தக்கபடி தினமும் நாற்பது விதமாக மாறுகிறவள் நான். என்னை ஒருத்தரும் அடாப்டிவ் என்று சொன்னதில்லை. சிடுமூஞ்சி என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

முதல் வாரம் நல்ல கூத்து. டேப்புக்குள் ஒரு பெண் குரல் இருந்தது. "அருமை! நீ ஒரு நட்சத்திரம்!" என்று குழையும். பிள்ளை சரியாக வாசித்தாலும் சொல்லும், சில நேரம் தும்மினாலும் சொல்லும். வாசிக்கக் கொடுத்த கதையில் ஒரு பூனை லிஃப்டில் ஏறி எட்டாவது மாடிக்குப் போனது. எங்கள் தெருவில் உயரமானது மாதா கோயில் கோபுரம்தான், அதற்கும் படிக்கட்டு. ஒரு பையன் "லிஃப்டுன்னா என்ன டீச்சர்?" என்று என்னைக் கேட்டான். அந்தக் கேள்வியையும் காதில் வாங்கிக்கொண்டு டேப் அவனை ஒரு படி கீழே இறக்கியது. இன்னொருத்தி 'வருகிறான்' என்று எழுதியிருந்ததை வீட்டில் பேசுகிற மாதிரி 'வாரான்' என்று வாசித்தாள். அவளுக்கும் ஒரு படி. ஜன்னலுக்கு வெளியே லாரிக்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்தால் யார் கையில் டேப் இருக்கிறதோ அந்தப் பிள்ளை அதோகதி. இதையெல்லாம் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்தேன். மேலதிகாரிகளுக்குக் காட்டத்தான் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் சொந்த சந்தோஷத்துக்காக எழுதினேன்.

டேப்பின் கணக்கில் பிள்ளைகள் மூன்று வகை. எழுத்து நிலை, சொல் நிலை, சரளம். எழுத்து நிலைக்குப் போகிற பிள்ளைகளைத் தினமும் கடைசி ஒரு மணி நேரம் தனியாக உட்கார வைத்து நான் எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் மற்ற பிள்ளைகள் விளையாடப் போய்விடும். மூன்றாவது நாளே பிள்ளைகள் அதற்கு 'மக்கு பெஞ்ச்' என்று பேர் வைத்துவிட்டன. இருந்தாலும் அந்த ஒரு மணி நேரம் வேண்டியதுதான் என்று நானும் ஒத்துக்கொண்டேன். நான்காம் வகுப்பில் போய் ஒரு பிள்ளை எழுத்துக் கூட்டிக்கொண்டு நின்றால் அதற்காக அங்கே யாரும் நிற்க மாட்டார்கள். மூன்றாம் வகுப்பில் விட்டால் விட்டதுதான்.

அந்த வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தாள். உருவம் சின்னது, குரல் பெரியது. அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். அம்மா இறால் கம்பெனியில் இறால் உரிக்கிறவள். பாடம் வாசிக்க என் வகுப்பில் முதல் ஆள் இவள்தான். நான் ஒரு தடவை வாசித்துக் காட்டுவேன், பிறகு அவளை எழுப்பி விடுவேன். புத்தகத்தை விரித்துப் பிடித்து, கணீரென்று முழுப் பாடத்தையும் வாசிப்பாள். மற்றதுகள் பின்னால் சொல்லும். அதிகாரி யார் வந்தாலும் அவளைத்தான் முன்னால் நிறுத்துவேன். அவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். எனக்கும் நெஞ்சு நிமிரும்.

அவள் வாசிப்பதைப் பள்ளிக்கூடத்துக்கு வெளியேயும் கேட்டிருக்கிறேன். பள்ளிக்கூடத் தெரு முக்கில் ஒரு குருசடி இருக்கிறது. சிலுவை நட்டு, மாதா சுரூபம் வைத்து, மேலே சின்னதாகக் கூரை போட்ட இடம். சனிக்கிழமை சாயங்காலம் தெருப் பெண்கள் கூடி அங்கே மாதா மன்றாட்டு மாலை சொல்வார்கள். ஒருவர் புத்தகம் பிடித்து வரிவரியாகச் சொல்ல, ஒவ்வொரு வரிக்கும் கூட்டம் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று மறுமொழி சொல்லும். அந்தப் புத்தகம் பிடிக்கிற வேலை இந்தப் பிள்ளைக்கு வந்திருந்தது. எட்டு வயதில். என் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். காய்கறிப் பையோடு அந்தப் பக்கம் வரும்போது நின்று கேட்டுவிட்டுத்தான் போவேன்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் நாசரேத் பக்கத்துப் பெண். புராட்டஸ்டன்ட் குடும்பம். நாங்கள் மாதாவிடம் மன்றாடுவதில்லை. எங்கள் கோயிலில் கையில் புத்தகம் இல்லாமல் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். பாட்டு எண் சொன்னதும் எல்லோரும் பக்கம் புரட்டுகிற சத்தம்தான் முதலில் கேட்கும். கையில் புத்தகம் இருந்தால் அந்த ஆள் வாசிக்கிறார் என்று அர்த்தம். வேறு அர்த்தம் ஒன்று இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

இந்தப் பிள்ளையின் முறை வந்தபோது டேப்பை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் வேடிக்கை பார்க்கிற மாதிரி பக்கத்தில் நின்றேன். இப்போதாவது இந்தப் பெட்டிக்கு வாசிப்பு என்றால் என்னவென்று தெரியட்டும் என்ற நினைப்பு. திரையில் ஒரு வாக்கியம் வந்தது. பிள்ளை அதைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. டேப் கொஞ்சம் பொறுத்துவிட்டு வாக்கியத்தை எடுத்துவிட்டு ஒரு சொல்லைக் காட்டியது. அதற்கும் என்னைத்தான் பார்த்தாள். பிறகு எழுத்துகள் வந்தன. அவற்றை மடமடவென்று சொன்னாள். "அருமை! நீ ஒரு நட்சத்திரம்!" என்றது குரல். பிள்ளை சிரித்தாள். கீழே தெரிந்தது: எழுத்து நிலை.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அதோடு காரணமும் உடனே கிடைத்துவிட்டது. இந்தப் பிள்ளை குருசடியில் வாசித்துப் பழகியவள். அங்கே ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் கூட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டும். காத்திருப்பது அவளுடைய வாசிப்பில் ஒரு பகுதி. எங்கோ குளிர்சாதன அறையில் உட்கார்ந்து இதைச் செய்தவனுக்கு மன்றாட்டு மாலை தெரியுமா, மறுமொழி தெரியுமா? நாலு விநாடி சும்மா இருந்தால் பிள்ளை மக்கு என்று எழுதி வைத்திருக்கிறான். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். இந்தக் கடற்கரையை அறிந்தவளுக்குத்தான் இது பிடிபடும் என்று நினைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை குருசடிக்குப் போய், கூட்டத்தின் ஓரத்தில் நின்று, என் போனில் முழுவதையும் வீடியோ எடுத்தேன். பிள்ளையின் அம்மா பார்த்துவிட்டுப் பெருமையோடு மற்றவர்களைக் கொஞ்சம் ஒதுங்கச் சொன்னாள். "டீச்சர் பிள்ளைய எடுக்காங்க. தள்ளி நில்லுங்களேன்."

செவ்வாய்க்கிழமை தம்பி வந்தான். ஷூ இப்போது சாம்பல் நிறம். வீடியோவைப் போட்டுக் காட்டினேன். என் விளக்கத்தையும் சொன்னேன். கொஞ்சம் நீளமாகவே சொன்னேன்.

"சூப்பர் மேம். இது ரொம்ப நல்ல ஃபீட்பேக். கல்ச்சுரல் பாயிண்ட். இந்தக் குழந்தைக்கு மட்டும் நான் மேனுவலா மாத்திடறேன்" என்றான். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. விரலால் ரெண்டு தட்டு. எழுத்து நிலை போய் சரளம் வந்தது. சண்டைக்கு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தவளுக்கு இவ்வளவு லேசாக ஜெயித்ததில் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

அன்று சாயங்காலம் காபி குடிக்கும்போது வீட்டுக்காரரிடம் அந்த வீடியோவைக் காட்டினேன். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் கண்ணாடி போட்டுக்கொண்டு, விரலால் பெரிதாக்கித்தான் பார்ப்பார். மூன்று நிமிஷம் பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டார். "இத்தன நீளத்துக்கும் ஒரே பக்கத்துலயா அச்சடிச்சிருக்கான்?"

போனைப் பிடுங்கிப் பார்த்தேன். பிள்ளை ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை. பெரிதாக்கினேன். பக்கத்தின் வலது ஓரம் நெடுக மேலிருந்து கீழாக எண்கள் இருந்தன. பொருளடக்கம். தையல் விட்ட பழைய புத்தகம், தானாக அந்த இடத்தில்தான் விரியும்போல. அதைப் பிடித்துக்கொண்டு, கண்ணைப் பக்கத்தின் மேலேயே வைத்துக்கொண்டு, ஒரு சொல் பிசகாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். சுற்றி நின்ற பெண்கள் அத்தனை பேருக்கும் மன்றாட்டு மாலை மனப்பாடம். புத்தகம் ஒரு மரியாதைக்கு. இது அந்தத் தெருவில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியவில்லை.

"என்னளா, முகம் ஒரு மாதிரி ஆயிட்டு?" என்றார். காபி ஆறிவிட்டது என்று சொன்னேன்.

மறுநாள் காலையில் பிரேயருக்கு முன்னால் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டேன். சிலேட்டில் ரெண்டு வரி எழுதினேன். நான் அப்போதுதான் யோசித்து எழுதியது. 'இன்று காலையில் மழை வந்தது. என் குடை வீட்டில் இருக்கிறது.' அவ்வளவுதான். நீட்டினேன்.

சிலேட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். டேப்பைப் பிடித்துக்கொண்டு பார்த்த அதே பார்வை. நானும் காத்திருந்தேன். கடைசியில் உதவி செய்கிற மாதிரி அவளே சொன்னாள்.

"நீங்க ஒரு தடவ சொல்லுங்க டீச்சர். பொறவு நான் வாசிக்கேன்."

என் வகுப்பில் மாதக்கணக்காக அவள் செய்தது இதுதான். நான் சொல்வேன், அவள் திருப்பிச் சொல்வாள். ஒரு தடவை கேட்டால் போதும், அப்படி ஒரு ஞாபகசக்தி. எனக்கு முன்னால் வந்த டீச்சர்களும் அப்படித்தான் செய்திருப்பார்கள். அவளுக்கு முன்னால் யாரும் வாசித்துக் காட்டாத ஒரு வாக்கியத்தை முதன்முதலாகக் கொடுத்தது அந்த முட்டாள் பெட்டிதான். லிஃப்டில் ஏறுகிற பூனையை வைத்துக்கொண்டு, தும்மலுக்குப் பாராட்டுகிற பெட்டி. அதற்குத் தெரிந்தது இருபத்தாறு வருஷம் சிவப்பு மை பிடித்தவளுக்குத் தெரியவில்லை. தெரியாதது மட்டுமா, அது சொன்னதையும் சண்டை போட்டு அழித்துவிட்டு வந்திருந்தேன்.

"எழுத்து கூட்டப் படிப்போமா?" என்று கேட்டேன். தலையாட்டினாள். பிறகு என் சேலை நுனியைப் பிடித்தாள். "அம்மாட்ட சொல்லிராதீங்க டீச்சர். குருசடில வேற பிள்ளைய நிறுத்திருவாங்க."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

தம்பிக்கு போன் போட்டேன். அவளைப் பழையபடி எழுத்து நிலைக்கே மாற்றச் சொன்னேன். ஏன் என்று கேட்பான், கேட்டால் சொல்லிவிடுவது என்று தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். அவன் கேட்கவில்லை.

"காரணம்னு ஒண்ணு செலக்ட் பண்ணணும் மேம். நெட்வொர்க், இரைச்சல், குழந்தை வரல, சார்ஜ் இல்ல. இதுல எது மேம்?"

"டீச்சர் தப்புன்னு போடுங்க தம்பி."

"அப்படி ஒரு ஆப்ஷன் இல்லையே மேம்." அந்தப் பக்கம் விரல் தட்டுகிற சத்தம் கேட்டது. "இரைச்சல்னு போட்டுடறேன். நோ பிராப்ளம்."

என் தப்புக்கு அந்தப் பெட்டியில் இடமில்லை. அதைச் செய்தவர்கள்மீது எனக்கு இருந்த இளக்காரம் ஒன்றும் குறையவில்லை. என்மீதும் கொஞ்சம் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்துப் பிள்ளையின் அம்மா பள்ளிக்கூட வாசலில் பிடித்துக்கொண்டாள். இறால் கம்பெனியிலிருந்து நேராக வந்திருந்தாள், விரல் நுனியெல்லாம் ஐஸில் ஊறி வெளுத்துப்போயிருந்தது.

"இது நல்லாருக்கா டீச்சர்? சனிக்கிழமைக்கு சனிக்கிழமை குருசடில வாசிக்க பிள்ள. நீங்களே நின்னு வீடியோ எடுத்துட்டுப் போனீங்க. அவளப் போயி மக்கு பெஞ்சில உக்கார வச்சிருக்கீங்களாமே!"

பிள்ளை அம்மாவின் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் என்ன செய்ய? மெஷின் அப்படிச் சொல்லிட்டு" என்றேன்.

"மெஷினுக்கு என்ன தெரியும்? நீங்க எடுத்துச் சொல்லக்கூடாதா?"

"என் பேச்ச இங்க யாரு கேக்கா."

இரண்டு வாரமாக எந்தப் பெட்டியைக் கரித்துக்கொட்டினேனோ, அதன் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். அந்தம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். வாயில்லாத டீச்சர் என்று தெரு முழுக்கப் பேச்சு. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த ஒரு மணி நேரத்தில் நான் ஒரு விதி வைத்துக்கொண்டேன். எதையும் முதலில் வாசித்துக் காட்டுவதில்லை. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்குப் பெரிய தண்டனை. பிள்ளை ஒவ்வொரு சொல்லுக்கும் என் முகத்தைப் பார்ப்பாள், நான் ஜன்னலைப் பார்ப்பேன். அழுதிருக்கிறாள். ஒரு நாள் சிலேட்டைத் தூக்கிப் போட்டாள். மாசக்கணக்கில் இந்தப் பாடு. கார்த்திகை வாக்கில் ரெண்டெழுத்துச் சொல் வந்தது. கிறிஸ்துமஸ் லீவு முடிந்து வந்தபோது ஒரு வரியைத் தானாக முடித்தாள். விரலை வைத்து, எழுத்து எழுத்தாக, திணறித் திணறி.

தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அந்த மன்றாட்டுப் புத்தகத்தைப் பள்ளிக்கூடத்துக்கே கொண்டு வந்துவிட்டாள். மன்றாட்டு மாலை எந்தப் பக்கம் என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன்.

"நாளைக்கு நெசமாவே வாசிக்கப் போறேன் டீச்சர்."

"வேண்டாம்ளா. எப்பவும் போல மனப்பாடமாவே சொல்லு. இவ்வளவு மெதுவா வாசிச்சா எல்லாரும் ஏசுவாங்க."

"மனப்பாடமா சொல்லதுக்குப் புத்தகம் எதுக்கு?" என்றாள். நான் தம்பியின் ஷூவைப் பார்த்த மாதிரி என்னைப் பார்த்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை சாயங்காலம் போனேன். கூட்டத்தின் ஓரத்தில், அவளுடைய அம்மாவுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. பிள்ளை சரியான பக்கத்தை விரித்து வைத்திருந்தாள். வலது கை விரல் வரியின் மேல். முதல் ரெண்டு மூன்று வரி தட்டுத்தடுமாறி வந்தது. கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே மறுமொழி சொன்னது. அதற்கடுத்து அவள் இன்னும் மெதுவானாள். பெண்கள் முணுமுணுத்து அடுத்த வரியை எடுத்துக்கொடுத்தார்கள். அவள் அதை வாங்கிக்கொள்ளவில்லை. நீண்ட ஒரு வரியின் கடைசிச் சொல்லில் வந்து அடியோடு நின்றுவிட்டாள். முகம் வேர்த்திருந்தது. விரல் மட்டும் நகராமல் நின்ற இடத்திலேயே இருந்தது.

"ஏளா, சொல்லேன். போன வாரம் வரைக்கும் மடமடன்னு சொன்னவதானே" என்று அம்மா பல்லைக் கடித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

"பாத்தீங்களா டீச்சர்? அந்த மெஷின் வந்த பொறவு எம் பிள்ளைக்கு வாசிக்கவே வரமாட்டேங்கு."

பிள்ளையின் உதடு அசைந்தது. ந. ட். ச. திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தாள். யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

"நட்... சத்... திரமே."

மறுமொழி வரவில்லை. இவ்வளவு நேரம் இழுத்ததில் கூட்டத்துக்குத் தாளம் தப்பிவிட்டது. யாராவது ஆரம்பிப்பார்கள் என்று எல்லோரும் சும்மா நின்றார்கள். பிள்ளை விரலை எடுக்காமல் காத்திருந்தாள். அவள் உண்மையிலேயே மறுமொழிக்காகக் காத்திருந்தது அன்றைக்குத்தான்.

நாசரேத்துக்காரி நான், ஆயுசில் ஒரு தடவைகூட மாதாவைப் பார்த்துச் சொல்லாததை, வகுப்பில் அதட்டுகிற என் முழுக் குரலில் சொன்னேன். "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

பிள்ளை விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினாள்.